அறிவியல் முற்றம்: ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு



ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அது பிரிவினைக்கு அறிகுறி என்பர் நம் முதியோர். நானும் அவ்வாறே எண்ணி வளர்ந்தவன்தான். ஆயினும் சென்ற திங்கள் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, சில வேளைகளில் இரண்டு அடுப்பே வீட்டின் அமைதியைக் காக்கும் என்று எனக்கு உணர்த்திற்று. நிகழ்ந்த இடம் சமையலறை அன்று, ஒரு கணிப்பொறி. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கின்றனர். பெரும்பாலான வீடுகளில் தந்தைக்கும் மக்களுக்கும் கணிப்பொறி ஒன்றுதான். ஆதலின் அந்நிகழ்ச்சியை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க நூலகத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் உறுப்பினர் ஒருவர் தம் மகளுடன் உள்ளே வந்தார். அவர் சிறு கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதி இவ்வூரில் குடும்பம் நடத்துபவர். மகள் முதுகலை வகுப்பில் கணிதம் பயில்பவள். இருவர் முகத்திலும் தெளிவில்லை. தந்தையே முதலில் பேசினார்.

"ஐயா, இருபதாம் தேதிக்குள் நான்கு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. விவரம் அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்குகளைத் தொகுத்துத் தரும் நிரல் நேற்று முதல் ஓடவில்லை. இவள் தன் ஆய்வுக்காக ஏதோ ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றினாளாம். இனி இந்தக் கணிதமெல்லாம் கல்லூரியோடு நிற்கட்டும். வங்கித் தேர்வுக்குப் படித்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்."

அப்பெண் தலை நிமிரவில்லை. "மாமா, நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவ்விரு கூற்றுகளுக்கு இடையே ஒரு பெண்ணின் படிப்பே ஊசலாடிக்கொண்டிருந்தது என்பதை நான் உணர்ந்தேன். மூவரும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம்.

நிகழ்ந்தது யாது என்று கூறுமுன், இரண்டு பொருள்களை அறிமுகம் செய்தல் வேண்டும். ஒன்று பைதான், மற்றொன்று சேஜ்மேத்.

பைதான் என்பது ஒரு நிரல்மொழி. நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ராசம் என்பார் ஆக்கி, 1991இல் வெளியிட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் கற்கும் அளவுக்கு அது பரவியுள்ளது. லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அது முன்னரே இடம்பெற்றிருக்கும். பயில்வோருக்காக மட்டும் அன்று. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவே பைதானில் எழுதப்பட்டவை. எனவே கணிப்பொறியின் பொதுப் பைதான், கூட்டுக் குடும்பத்தின் பொது அடுப்பைப் போன்றது. அதில் ஒருவர் கைவைத்தால் அனைவர் உணவும் பாதிக்கப்படும். தந்தையின் கணக்கு நிரலும் அந்த அடுப்பில் சமைக்கப்பட்டதே.

சேஜ்மேத் என்பது கணிதத்துக்கான ஒரு பெருந்தொகுப்பு. வில்லியம் ஸ்டைன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 2005இல் அதனைத் தொடங்கினார். உயர்கணிதத்துக்குரிய புகழ்பெற்ற மென்பொருள்களான மாக்மா, மேப்பிள், மேத்தமேட்டிகா, மேட்லேப் ஆகியவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. அவற்றின் உட்பகுதி எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதைப் பயனர் முழுதும் திறந்து பார்க்கவும் இயலாது. எவரும் இலவசமாகப் பெறவும், உள்ளே புகுந்து ஆராயவும், திருத்தவும் கூடிய ஒரு மாற்று வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்நோக்கத்தை அடைய அவர் மேற்கொண்ட வழி சிறப்பானது. எல்லாவற்றையும் புதிதாக ஆக்காமல், உலகின் பல மூலைகளில் கணித அறிஞர்கள் முன்னரே ஆக்கி வைத்திருந்த நல்ல கருவிகளை ஒருங்கே திரட்டினார். குலங்கள் பற்றிய கணிதத்துக்கு ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986இல் தொடங்கிய கேப். எண் கோட்பாட்டுக்குப் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த பாரி. பல்லுறுப்புக் கோவைகளுக்கு ஜெர்மனியின் கைசர்சுலௌட்டர்ன் நகரத்துச் சிங்குலர். குறியீட்டுக் கணிதத்துக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் இறுதியில் தோன்றிய மாக்சிமாவின் வழிவந்த மேக்சிமா. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசுபவை. இவற்றைப் பொதுவாகப் பேசவைக்கும் இணைப்பு மொழியாகப் பைதானை ஸ்டைன் தேர்ந்தெடுத்தார்.

இங்கேதான் நம் சிக்கலின் வேர் இருக்கிறது. இத்தனை கருவிகளும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் குறித்த வெளியீட்டினதாக இருத்தல் வேண்டும். ஊருக்கு ஊர், கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறுபடும் பொதுப் பைதானை நம்பி அத்தொகுப்பு வாழ இயலாது. ஆதலின் சேஜ்மேத் தன் பைதானைத் தன்னுடனேயே கட்டிச்சோறு போலக் கொண்டு வந்தது. அதன் அண்மைய வெளியீடுகள் கணிப்பொறியில் உள்ள பைதானை அடிப்படையாகக் கொள்ள நேரினும், தமக்கெனத் தனிச் சூழல் ஒன்றை வகுத்துக்கொண்டு, தம் நூலகங்களை அதற்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. வெளியே பொதுப் பைதான், உள்ளே சேஜ்மேத்தின் பைதான். பெயர் ஒன்று; அடுப்பு இரண்டு.

நம் மாணவிக்கு இவ்வேறுபாடு தெரியாது. சேஜ்மேத்தை முறைப்படியே நிறுவியிருந்தாள். பிறகு, தான் வழக்கமாகப் பயன்படுத்தும் பொதுப் பைதானைத் திறந்து, சேஜ் தொகுதியைக் கொணருமாறு கட்டளையிட்டாள். அப்பெயரில் தொகுதி எதுவும் இல்லை என்ற விடையே வந்தது. "பல ஜிகாபைட் அளவு இறக்கினேன், கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறதே" என்று மனம் நொந்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் பாத்திரத்தை நம் வீட்டுப் பரணில் தேடினால் அகப்படுமா?

அடுத்து அவள் செய்தவை இரண்டு. சேஜ்மேத்தின் நூலகங்கள் உள்ள கோப்புறையின் முகவரியைப் பொதுப் பைதானின் தேடுபாதையில் சேர்த்துப் பார்த்தாள். இது அறிவுக்கு உகந்த முயற்சி போலத் தோன்றும். ஆனால் சேஜ்மேத்தின் பகுதிகள் பல, வேகம் கருதி இயந்திரமொழிக்கு முன்னரே பெயர்க்கப்பட்டவை. பைதானின் ஒரு வெளியீட்டுக்கெனப் பெயர்க்கப்பட்ட பகுதி, பொதுவாக அடுத்த வெளியீட்டில் இயங்காது. வெளியில் இருந்தது ஒரு வெளியீடு. உள்ளே இருந்தது வேறு. முயற்சி தோற்றது.

பின்னர், யாரோ கூறிய அறிவுரையின்படி, வேண்டிய நூலகங்களைத் துண்டு துண்டாகப் பொதுப் பைதானிலேயே ஏற்றத் தொடங்கினாள். அதற்குரிய கருவி பிப் என்பது. அது உடனே மறுத்தது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதலிய லினக்ஸ் வகைகளில், பொதுப் பைதானில் பிப் நேரே எழுதாதவாறு ஒரு காவல் வைக்கப்பட்டுள்ளது. 'இச்சூழல் வேறொருவர் நிர்வாகத்தில் உள்ளது' என்னும் பொருள்பட அது எச்சரிக்கும். அக்காவலை மீறுவதற்கும் ஒரு கட்டளைச் சொல் உண்டு. அதன் பெயரிலேயே 'உடைத்தல்' என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. அப்பெண் அவசரத்தில் அச்சொல்லையும் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

அதன் விளைவாக, எண்வரிசைகளைக் கையாளும் நம்பை என்னும் நூலகத்தின் புதிய வெளியீடு பொதுப் பைதானில் குடியேறிற்று. 2024 ஜூன் திங்களில் வெளிவந்த நம்பை 2.0, பழைய வெளியீடுகளுக்கெனப் பெயர்க்கப்பட்ட நூலகங்களுடன் ஒத்துப்போவதில்லை. தந்தையின் கணக்கு நிரல் அத்தகைய பழைய நூலகம் ஒன்றைச் சார்ந்திருந்தது. மறுநாள் காலை அது வாய் திறக்க மறுத்ததில் வியப்பில்லை.

நல்வினைப் பயனாக, பழைய நம்பை அழிந்துவிடவில்லை. இயங்குதளம் வைத்த நூலகங்கள் ஒரு கோப்புறையிலும், பிப் வைத்தவை மற்றொரு கோப்புறையிலும் தங்கியிருந்தன. புதியது முன்னே நின்று பழையதை மறைத்திருந்தது, அவ்வளவே. பிப் ஏற்றியவற்றை ஒவ்வொன்றாக அதனைக் கொண்டே நீக்கினோம். கால் மணி நேரத்தில் தந்தையின் நிரல் மீண்டும் ஓடிற்று. அவர் பெருமூச்சு விட்டார். மகளோ, "அப்படியானால் என் ஆய்வு?" என்று மெல்லக் கேட்டாள்.

அதற்கு வழி எளிது. சேஜ்மேத்தைப் பொதுப் பைதானுக்குள் இழுக்கக் கூடாது. நாமே சேஜ்மேத்தின் பைதானுக்குள் செல்ல வேண்டும். கட்டளைச் சாளரத்தில் 'சேஜ்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகளை அடுத்துப் 'பைதான்' என்று எழுதினால் (எழுத்துகள் ஆங்கில எழுத்துகளே), திறப்பது சேஜ்மேத்தின் சொந்தப் பைதான். அங்கே சேஜ் தொகுதி கேட்ட மாத்திரத்தில் வரும். அதே கட்டளையின் பின்னே நம் நிரற்கோப்பின் பெயரை எழுதினால், அக்கோப்பு அந்தப் பைதானில் ஓடும். வேறு நூலகம் ஏதேனும் தேவைப்பட்டால், 'பைதான்' என்ற இடத்தில் 'பிப்' என்று எழுதி, அதன் வழியே சேஜ்மேத்தின் வீட்டுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். பொது அடுப்புக்கு எத்தீங்கும் நேராது.

இன்னொரு வழியும் உண்டு. கோண்டா என்னும் கருவியைக் கொண்டு புதிய தனிச் சூழல் ஒன்றை வகுத்து, சேஜ்மேத்தையும் பிற நூலகங்களையும் ஒருங்கே அதில் நிறுவலாம். அச்சூழலின் பைதானே சேஜ்மேத்தின் பைதான் ஆகிவிடுவதால் உள், வெளி என்னும் பிணக்கு அங்கே இல்லை. பொதுப் பைதானில் ஓடும் நிரல் ஒன்றுக்குச் சேஜ்மேத்தின் விடை ஓரிரு இடங்களில் மட்டுமே தேவையென்றால், சேஜ்மேத்தைத் தனி நிரலாக அழைத்து, வினாவை அனுப்பி, விடையை எழுத்தாகப் பெற்றுக்கொள்ளலாம். அண்டை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வாங்குவது போன்றது அது. குழம்புக்காகச் சுவரை இடிக்க வேண்டுவதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதனை எழுதியிருக்க மாட்டேன். இதனினும் ஆழமான பள்ளம் ஒன்று அடுத்து வந்தது.

அப்பெண்ணின் ஆய்வு, எண்களின் பிரிவினைகளைப் பற்றியது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 9க்கு 30 பிரிவினைகள், 14க்கு 135. இவ்வாறு 4இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டி வரும் எண்கள் யாவற்றின் பிரிவினைத் தொகையும் 5ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைக் கண்டு நிறுவியவர், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 200க்கு உரிய பிரிவினைகள் 39,72,99,90,29,388. இதனை மக்மேகன் என்னும் ஆங்கிலேய அறிஞர் கையாலேயே கணக்கிட்டார். ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்ட சூத்திரத்தின் திறத்தை உரசிப் பார்க்க அது உரைகல்லாயிற்று. சேஜ்மேத்திடம் கேட்டால் அவ்வெண் இமைப்பொழுதில் வருகிறது. இத்தகைய ஆய்வில் கடைசி இலக்கம் வரை துல்லியம் வேண்டும். ஏறத்தாழச் சரியான எண் 5ஆல் வகுபடுமா என்று கேட்பதில் பொருளில்லை.

சேஜ்மேத் செவ்வனே இயங்குகிறதா என்று பார்க்க, அவள் எல்லோரும் அறிந்த 1729ஐ எடுத்துக்கொண்டாள். 9இன் முப்படியும் 10இன் முப்படியும் கூடினால் 1729. 1இன் முப்படியும் 12இன் முப்படியும் கூடினாலும் அதுவே. சேஜ்மேத்தின் சாளரத்தில் 9^3+10^3 என்று எழுதினாள், 1729 வந்தது. மகிழ்ச்சியுடன் அதே வரியைத் தன் பைதான் கோப்பில் எழுதி, இப்போது கற்றுக்கொண்ட சரியான வாயில் வழியே ஓட்டினாள். வந்த விடை 7. அடுத்து 1^3+12^3 எழுதினாள். வந்த விடை 13.

பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. எச்சரிக்கையும் இல்லை. 7 என்றும் 13 என்றும் கணிப்பொறி அமைதியாகச் சொல்லிற்று.

காரணம் இது. பைதான் மொழியில் அந்தக் கூரை போன்ற குறிக்குப் படி என்னும் பொருள் இல்லை. இரண்டு எண்களையும் இரும எண்களாக எழுதி, வேறுபடும் இலக்கங்களுக்கு 1, ஒன்றுபடுபவற்றுக்கு 0 என இடுவதே அங்கு அதன் தொழில். மேலும் கூட்டலே அதற்கு முன் நடைபெறும். ஆகவே முதலில் 3உம் 10உம் கூடி 13 ஆயின. 9 என்பது 1001. 13 என்பது 1101. வேறுபாடு 0100, அதாவது 4. பின் 4 என்னும் 0100உம் 3 என்னும் 0011உம் சேர்ந்து 0111, அதாவது 7. பைதான் தன் இலக்கணப்படி பிழையின்றித்தான் கணக்கிட்டது. பைதானில் படியைக் குறிக்க இரண்டு உடுக்குறிகள் இட வேண்டும்: 9**3+10**3.

அவ்வாறாயின் சேஜ்மேத் சாளரத்தில் 1729 வந்தது எவ்வாறு? நாம் எழுதும் வரியைப் பைதானிடம் கொடுக்குமுன், சேஜ்மேத் அதனை ஒருமுறை படித்து, கணித வழக்குக்கு ஏற்பத் திருத்திக் கொடுக்கிறது. கூரைக் குறியைப் படிக்குறியாக மாற்றுகிறது. எண்களைத் தன் சொந்த முழு எண்களாக மாற்றுகிறது. அதனால்தான் அங்கே 1/3 என்பது மூன்றில் ஒன்று என்னும் பின்னமாகவே நிற்கிறது. வெறும் பைதானிலோ 0.3333 எனத் தொடரும் தசமமாகிவிடுகிறது. இத்திருத்தம் சேஜ்மேத்தின் சாளரத்திலும், சேஜ் என முடியும் பெயருடைய கோப்புகளிலும் மட்டுமே நடைபெறும். பைதான் கோப்புக்குரிய ஈற்றெழுத்துகளைக் கொண்ட கோப்பில் அது நடைபெறாது. எந்த வாயில் வழியே ஓட்டினும், சேஜ் தொகுதி முழுவதையும் கொணர்ந்து வைத்திருந்தாலும், அக்கோப்பு பைதான் இலக்கணத்தையே பின்பற்றும். எனவே அங்கே படிக்கு இரட்டை உடுக்குறி வேண்டும். பின்னம் வேண்டுமானால், எண்ணைச் சேஜ்மேத்தின் முழு எண்ணாக நாமே அறிவித்து எழுதுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, தந்தை பின்னே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குனிந்து அந்த 7ஐயும் 1729ஐயும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, என் நிரல் நேற்று நின்றுவிட்டது. அது எவ்வளவோ மேல். நின்றதால்தானே பிழை இருப்பது தெரிந்தது? ஓடிக்கொண்டே தவறான தொகையைக் காட்டியிருந்தால், நான்கு கடைக்கும் தவறான வரியை அல்லவா அனுப்பியிருப்பேன்? இவள் இன்று கண்டுபிடித்தது என் பிழையைவிடப் பெரிய பிழை" என்றார்.

முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதிய கை அது. இரு பக்கமும் ஒத்து நின்றும் உள்ளே தவறியிருக்கும் கணக்கே மிகக் கொடியது என்பதை அவரினும் அறிந்தவர் யார்? விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுத்துச் சோதித்த மகளின் முறையும், தாம் ஆண்டுதோறும் செய்யும் சரிபார்ப்பும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வங்கித் தேர்வைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. "உன் வேலைக்குத் தனி இடம் ஒதுக்கிக்கொள், பொது அடுப்பில் கைவைக்காதே" என்று மட்டும் சொன்னார். இரண்டு அடுப்பு என்னும் உவமை அவர் தந்ததே, என்னுடையது அன்று.

நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய தொகுப்புகளைப் பயன்படுத்தும்போது பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்தாம். இது யார் வீட்டுப் பைதான்? விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாயா? முதற்கேள்வி வீட்டைக் காக்கும். இரண்டாவது கேள்வி படிப்பைக் காக்கும். இவற்றைக் கேட்பதற்கு நிரல்மொழி அறிந்திருக்க வேண்டுவதில்லை.

இருபதாம் தேதிக்குள் நான்கு கடைகளின் விவரமும் சென்று சேர்ந்தன. சென்ற ஞாயிறன்று அப்பெண் நூலகத்துக்கு வந்திருந்தாள். 4இல் தொடங்கிப் பல்லாயிரம் எண்களைச் சோதித்துவிட்டதாகவும், ஒன்றேனும் 5ஆல் வகுபடாமற்போகவில்லை என்றும் கூறினாள். "நிறுவப்பட்ட உண்மைதானே, அம்மா?" என்றேன்.

"ஆம் மாமா, அதனால்தான் முதலில் அதைச் சோதித்தேன்" என்றாள்.